புகையும் பரம்பரையும்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். கலையும் சமயமும் மொழியும் பேசவேண்டிய இடத்தில் புற்றுநோயின் பெயரை எடுப்பது மங்கலமன்று என்று முகஞ் சுளிப்போரும் இருக்கலாம். ஆயினும் இப்பொருளை நாம் வேண்டுமென்றே தேர்ந்துகொண்டோம். அதற்கொரு காரணம் உண்டு.

நம்மவருள் ஓர் இளைஞனைத் தனியே அழைத்து, "தம்பி, இந்தச் சிகரட்டை விட்டுவிடு" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். "எங்கள் தாத்தா தொண்ணூறு வயது வரை சுருட்டுக் குடித்தார், ஐயா. அவருக்கு ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டு மாமா புகையைத் தொட்டதே இல்லை. அவரைப் புற்றுநோய் கொண்டு போயிற்று. எல்லாம் அவரவர் தலையெழுத்து." இந்த விடையைக் கேட்டதும் நாம் வாயடைத்துப் போகிறோம். ஏனெனில் அவன் சொல்லும் தாத்தாவும் உண்மை; மாமாவும் உண்மை. ஒரே கடையில் வாங்கி, ஒரே அளவில் புகைத்த இருவரில் ஒருவருக்கு நோய் வருகிறது, மற்றவருக்கு வரவில்லை. இது ஏன்? இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. அறிவியல் உலகமும் இதே கேள்வியை எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வந்திருக்கிறது. அதற்குக் கிடைத்த விடையை உங்கள் முன் வைப்பதே எமது நோக்கம்.

புகையிலை நம் மண்ணுக்குப் பழைமையானதன்று. வெற்றிலையும் பாக்கும் நம் முன்னோர் பன்னூறு ஆண்டுகளாக அறிந்தவை. புகையிலையோ அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துக்கேயர் காலத்தில் கடல் கடந்து வந்த செடி. வந்த பின் அது வேரூன்றிய விதம் வியப்புக்குரியது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் அது பணப்பயிராயிற்று. அங்கிருந்து திருவிதாங்கூர் வரை ஏற்றுமதியாயிற்று. சுருட்டுத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. நம் மாத்தளை மாவட்டத்திலும் கலேவெலப் பகுதியில் சிகரட்டுக்கான புகையிலையைப் பயிரிட்டு, கொட்டில்களில் சூடேற்றி உலர்த்தி விற்றதை மூத்தோர் அறிவர். மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்து தோட்டங்களை உண்டாக்கிய நம் மூதாதையர் மடியிலும் வெற்றிலைப் பை இருந்தது. பசியையும் குளிரையும் களைப்பையும் மறக்க அது உதவியது. ஆகவே நாம் இன்று புகையிலையைக் குறை கூறும்பொழுது அந்த மனிதரைக் குறை கூறவில்லை. அவர்கள் அறிந்திராத ஒன்றை நாம் அறிந்திருக்கிறோம், அவ்வளவே.

அந்த அறிவு எப்படிக் கிடைத்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் சுவாசப்பைப் புற்றுநோய் பெருகிக்கொண்டே போயிற்று. வீதிக்குப் பூசும் தாரா, மோட்டார் வண்டிப் புகையா, தொழிற்சாலைக் கரியா என்று பலரும் பலவாறு ஐயுற்றனர். ரிச்சட் டொல் என்ற வைத்தியரும் பிராட்போட் ஹில் என்ற புள்ளிவிவர அறிஞரும் இலண்டன் வைத்தியசாலைகளில் நோயாளரை விசாரித்து, 1950ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். சுவாசப்பைப் புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைக்காதவர் இருவர் மட்டுமே! அந்த ஆய்வின்போதே டொல் தம் சிகரட்டை விட்டுவிட்டார்; 2005இல் தமது 92ஆம் வயதில்தான் மறைந்தார். 1951இல் அவ்விருவரும் பிரித்தானிய வைத்தியர் ஏறத்தாழ 40,000 பேரின் புகைக்கும் பழக்கத்தைக் கேட்டுக் குறித்துவைத்து, அவர்களை ஆண்டுதோறும் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினர். அந்த ஆய்வு ஐம்பது ஆண்டு நடந்தது. விடாமல் புகைத்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் புகையினாலேயே மாண்டனர் என்றும், சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தனர் என்றும் 2004இல் வெளியான அதன் இறுதி அறிக்கை கூறிற்று. 1964ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்க அரசின் தலைமை வைத்திய அதிகாரியும் சுவாசப்பைப் புற்றுநோய்க்குப் புகைத்தல் காரணம் என்று அறிக்கை வெளியிட்டார்.

இதனை எதிர்த்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாதாரண மனிதர் அல்லர். புள்ளிவிவர இயலின் தந்தையருள் ஒருவரும், பரம்பரை இயலில் பேரறிஞருமான றொனால்ட் பிஷர்! அவர் 1958ஆம் ஆண்டில் ஒரு வாதத்தை எழுப்பினார். "புகைத்தலும் புற்றுநோயும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது சரி. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பது எப்படி நிச்சயம்? ஒருவனைப் புகைக்கத் தூண்டுவதும், அவனுக்கே புற்றுநோயைக் கொடுப்பதும் அவன் பிறப்பில் வந்த ஒரே இயல்பாக இருக்கலாமே" என்பது அவர் வாதத்தின் சாரம். ஒத்த இரட்டையர் புகைக்கும் பழக்கத்திலும் பெரிதும் ஒத்திருக்கின்றனர், சாதாரண இரட்டையர் அவ்வளவு ஒத்திருப்பதில்லை என்பதை அவர் சான்றாகக் காட்டினார். பிஷர் தாமே சுங்கான் புகைத்தவர். புகையிலை உற்பத்தியாளருக்கு ஆலோசகராகவும் இருந்தவர். அதனால் மட்டும் அவர் வாதம் பொய்யாகிவிடாது. ஒரு வாதத்தை அதன் உண்மையைக் கொண்டே அளக்கவேண்டும்.

அளந்தார்கள். பின்லாந்து நாட்டில், ஒருவர் புகைப்பவரும் மற்றவர் புகைக்காதவருமான இரட்டையரைத் தேடிப் பிடித்துப் பல ஆண்டு கவனித்தார்கள். ஒரே கருவில் தோன்றிய ஒத்த இரட்டையர்க்குப் பரம்பரை ஒன்றே. பிஷர் சொன்னது முழு உண்மையானால் இருவர் கதியும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. புகைத்தவரே முந்தி இறந்தார். மேலும், புகைப்பதை நிறுத்தியவருக்கு ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு குறைந்து செல்கிறது. சிகரட்டை வீசி எறிந்தவன் தன் பரம்பரையை வீசி எறியவில்லையே! பரம்பரை அப்படியே இருக்க, ஆபத்து மட்டும் குறைகிறதென்றால் முதற் குற்றவாளி புகைதான் என்பது வெளிப்படை.

எனினும் பிஷர் எழுப்பிய கேள்வியில் ஒரு பாதி உண்மை இருந்தது. பரம்பரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு எது, எவ்வளவு என்பதையே இனிப் பார்ப்போம்.

புகையிலைப் புகையில் ஏழாயிரத்துக்கும் அதிகமான இரசாயனப் பொருட்கள் உள்ளன. அவற்றுள் ஏறக்குறைய எழுபது புற்றுநோயை உண்டாக்க வல்லவை. பென்சோபைரீன் என்பது அவற்றுள் பெயர் பெற்றது. நிலக்கரித் தாரிலிருந்து அதனை 1933இல் பிரித்தெடுத்து அறிந்தார்கள். விந்தை என்னவெனில், நாம் உள்ளிழுக்கும்பொழுது அது ஏறக்குறைய ஒரு சாதுப் பொருள். அது நீரில் கரையாது. ஆகவே உடலை விட்டு எளிதில் வெளியேறாது. அதனைக் கரைத்து அனுப்பிவிட வேண்டும் என்று நம் உடலில் உள்ள நொதியங்கள் முயல்கின்றன. அம்முயற்சியிலேதான் விபரீதம் பிறக்கிறது.

நம் மாத்தளைத் தோட்டத்துப் பலாப்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முழுப் பழமாகக் கிடக்கும்வரை அது யார் கையிலும் ஒட்டுவதில்லை. கத்தி வைத்துப் பிளந்தவுடனே பால் வடிகிறது; தொட்ட இடமெல்லாம் பிசின். அதனாலேயே நம் வீட்டுப் பெண்கள் பழத்தை வெட்டுமுன் கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வார்கள். நம் உடலிலும் இவ்வாறே இருவகை வேலையாட்கள் இருக்கின்றனர். ஒரு நொதியம் பென்சோபைரீனைப் பிளக்கிறது. பிளந்த அப்பொருள் பிசின்போல் எதனுடனும் ஒட்டிக்கொள்ளும் தன்மை பெறுகிறது. மற்றொரு நொதியம் எண்ணெய்போல் வந்து அதனோடு சேர்ந்து, ஒட்டாதவாறு செய்து, வெளியே அனுப்பிவிடுகிறது. எண்ணெய் போதாவிட்டால் பிசின் எங்கே ஒட்டுகிறது? நம் கலங்களுக்குள்ளே இருக்கும் பரம்பரையலகுகளில், அதாவது இன்று மரபணு என்று பலரும் வழங்கும் அந்த நூலிழைகளில் ஒட்டுகிறது. ஒட்டிய இடத்தில் எழுத்துப் பிழை நேருகிறது.

கலம் பெருகுவதை அடக்கி ஆளும் ஒரு மரபணு உண்டு. பி53 என்பது அதன் பெயர். பென்சோபைரீனின் பிசின் அந்த மரபணுவில் எந்த எந்த இடங்களில் ஒட்டுகிறது என்று 1996ஆம் ஆண்டில் ஆய்வுகூடத்தில் கண்டறிந்தார்கள். சுவாசப்பைப் புற்றுநோயாளரிடம் பி53 பழுதாகியிருக்கும் இடங்களும் பெரும்பாலும் அவையே! களவு நடந்த வீட்டில் கள்வனின் கைரேகை கிடைத்தது போல் ஆயிற்று. 2016இல் இக்கைரேகைகளை எண்ணிக் கணக்கிட்டார்கள். நாளொன்றுக்கு ஒரு பெட்டி, அதாவது இருபது சிகரட் வீதம் ஓராண்டு புகைத்தால், சுவாசப்பையின் ஒவ்வொரு கலத்திலும் சராசரியாக 150 விகாரங்கள் சேர்கின்றன. குரல்வளையில் 97, தொண்டையில் 39, வாயில் 23, சிறுநீர்ப்பையில் 18, ஈரலில் 6 என்பது அவர்கள் கணக்கு. புகை படாத சிறுநீர்ப்பையிலும் ஈரலிலும்கூடப் பழுது நேருவதைக் கவனியுங்கள்.

இப்பொழுது நம் இளைஞனின் கேள்விக்கு வரலாம். தாத்தாவுக்கு ஏன் வரவில்லை? முதலாவது, பலாப்பழத்தை வெட்டும் கத்தி எல்லாரிடமும் ஒரே கூர்மையுடையதன்று. பிளக்கும் நொதியம் சிலரிடம் விரைந்தும் சிலரிடம் மெதுவாகவும் வேலை செய்கிறது. இரண்டாவது, எண்ணெய்க் குப்பியும் எல்லார் வீட்டிலும் இல்லை. எண்ணெய் போல் உதவும் நொதியங்களில் ஒன்றை ஆக்கும் மரபணுவுக்கு ஜிஎஸ்ரிஎம்1 என்று பெயர். ஐரோப்பியரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அந்த மரபணுவே கிடையாது. ஆசிய மக்கள் பலரிடமும் அது இல்லாதோர் மிகுதி. நல்வாய்ப்பாக, அதே வேலையைச் செய்யும் வேறு நொதியங்களும் இருப்பதால் அவர்களுக்கு ஏற்படும் கூடுதல் ஆபத்துச் சிறியதே. மூன்றாவது, நேர்ந்த எழுத்துப் பிழையைத் திருத்தும் ஆற்றல் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. நியூயோர்க் ஆராய்ச்சியாளர் 2022இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சுவாசக் குழாய்க் கலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தனர். நாளொன்றுக்கு ஒரு பெட்டி வீதம் ஏறத்தாழ 23 ஆண்டு புகைத்த அளவு வரை விகாரங்கள் ஏறிக்கொண்டே போயின. அதற்கு மேல் மிகுதியாகப் புகைத்த சிலரிடம் அவை அதே வேகத்தில் ஏறவில்லை. அத்தகையோர் உடலில் திருத்தும் வேலை திறமையாக நடைபெறுவதாலோ, நச்சை முறிக்கும் ஆற்றல் மிகுந்திருப்பதாலோ இவ்வாறு இருக்கலாம் என்று அவர்கள் கருதினர். நம் தாத்தா ஒருவேளை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

நான்காவது வேறுபாடுதான் மிகவும் சுவையானது. 2008ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில், மூன்று ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியே உழைத்து ஒரே இடத்தில் வந்து சந்தித்தன. நம் பதினைந்தாம் நிறமூர்த்தத்தில், நிக்கொட்டினைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகளை ஆக்கும் மரபணுக்கள் உள்ளன. அவ்விடத்தில் ஒரு குறிப்பிட்ட மாறுபாட்டின் ஒரு பிரதியைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து பெற்றவருக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் ஆபத்து நூற்றுக்கு முப்பது அளவில் கூடுகிறது. இரு பிரதிகள் பெற்றவருக்கு எழுபது, எண்பது அளவில் கூடுகிறது. இந்த மரபணு செய்யும் வேலை என்ன? நிக்கொட்டின் மிகுந்தபொழுது மூளைக்குப் "போதும்" என்று உணர்த்துவதில் இதற்குப் பங்குண்டு என்பதை 2011இல் எலிகளிடத்தில் நடத்திய சோதனை காட்டிற்று. "போதும்" என்னும் குரல் தாழ்ந்து ஒலிப்பவன் ஆழமாக இழுக்கிறான். அடிக்கடி பற்ற வைக்கிறான். விட முயன்றாலும் வழுக்கி விழுகிறான். யப்பானியரிடையே இதற்கு மறுதலையான ஒரு மாறுபாடு மிகுதி. அது உள்ளவர் உடலில் நிக்கொட்டின் மெதுவாகவே கரைகிறது, ஒரு சிகரட்டின் நிறைவு நெடுநேரம் நிற்கிறது, அவர்கள் குறைவாகப் புகைக்கிறார்கள், ஆபத்தும் குறைகிறது.

பிஷர் சொன்ன பாதி உண்மை இதுதான். புகைக்கத் தூண்டும் இயல்பு பிறப்பில் வருவதுண்டு. ஆனால் அந்த மாறுபாட்டை உடையவர் புகைக்காதவராக இருந்தால், அதனால் அவருக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்து எதுவும் காணப்படவில்லை! மரபணு காய்ந்த சருகு போன்றது. நெருப்பை நாமே கொண்டுபோய் வைத்தாலன்றி அது எரிவதில்லை.

இனி அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். மேற்சொன்ன மரபணு மாறுபாடு ஆபத்தை ஒன்றேகால், ஒன்றேமுக்கால் மடங்காக்குகிறது. 2014இல் அறியப்பட்ட மற்றோர் அரிய மாறுபாடு ஏறக்குறைய இருமடங்காக்குகிறது. புகைத்தலோ ஆபத்தைப் பதினைந்து மடங்குக்கும் மேலாக உயர்த்துகிறது. ஆகவே, நல்ல பரம்பரையில் பிறந்து புகைப்பவனைக் காட்டிலும், குறையுள்ள பரம்பரையில் பிறந்து புகைக்காதவன் பன்மடங்கு பாதுகாப்பில் இருக்கிறான். "உன் மரபணு நல்லது, நீ தாராளமாகப் புகைக்கலாம்" என்று எழுதித் தரக்கூடிய இரத்தப் பரிசோதனை எந்த வைத்தியசாலையிலும் இல்லை. இவ்வாராய்ச்சிகளில் பெரும்பாலானவை ஐரோப்பியரிடத்தில் நடத்தப்பட்டவை. நம் போன்ற மக்கள் அவற்றில் மிகக் குறைவாகவே இடம்பெற்றனர் என்பதையும் மறந்துவிடலாகாது.

தாத்தாவின் கதையில் இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. பிரித்தானிய ஆண்களைப் பற்றி 2000ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, வாழ்நாள் முழுதும் புகைத்தவர் நூறு பேரில் 16 பேர் 75 வயதுக்குள் சுவாசப்பைப் புற்றுநோயால் இறக்கிறார்கள். மற்றவர் எல்லாரும் தப்பியவர் அல்லர். மாரடைப்பும் பாரிசவாதமும் மூச்சடைப்பு நோயும் மற்றப் புற்றுநோய்களும் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. சுவாசப்பையைக் காத்த பரம்பரை இருதயத்தையும் காக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மற்றோர் ஓட்டை: தேர்த் திருவிழாவில் தொண்ணூறு வயதுத் தாத்தாவை நாம் எல்லாரும் காண்கிறோம், விரல் நீட்டிக் காட்டுகிறோம். ஐம்பது வயதிலேயே மறைந்துபோன அவருடைய கூட்டாளிகளை யார் காட்டுவது? மீண்டு வந்தவனைக் கேட்டால் காட்டுவழியெல்லாம் நல்ல வழிதான். யானை மிதித்தவன் வந்து சாட்சி சொல்வதில்லை.

அன்பர்களே, புகைத்தலை மட்டும் பேசிவிட்டு அமர்ந்தால் நம் தோட்டத்துத் தாய்மார்கள், "இது ஆம்பிளைகள் பாடு" என்று எழுந்து போய்விடுவார்கள். நம் நாட்டு ஆண்களிடம் முன்னணியில் நிற்பது வாய்ப்புற்றுநோய். வெற்றிலை மெல்லும் பெண்களையும் அது விடுவதில்லை. சென்னை அடையாற்றில் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1954இல் நிறுவிய புற்றுநோய் நிலையத்தில், டொக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டொக்டர் சாந்தாவும் புகையிலை மெல்லுதலுக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950களிலேயே ஆராய்ந்து எழுதினர். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம், புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டுப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985இல் அறிவித்தது. பாக்கு மட்டுமே தனித்தும் அவ்வாறு செய்ய வல்லது என்று 2004இல் வெளியிட்ட நூலில் கூறிற்று. தாம்பூலம் நம் மரபில் மங்கலப் பொருள்; அதனைத் தட்டில் வைத்து வணங்குவதை யாரும் தடுக்கவில்லை. நாளெல்லாம் கடைவாயில் அடக்கி வைப்பதே கேடு. மும்பாயிலும் திருவனந்தபுரத்திலும் வாய்ப்புற்றுநோயாளரின் மரபணுக்களை ஆராய்ந்தபொழுது, முன்பு சொன்ன எண்ணெய்க் குப்பி மரபணு இல்லாதோர் அவர்களிடையே மிகுந்திருந்தனர். அங்கும் பாடம் அதுவேதான். பரம்பரை சருகு, புகையிலையும் பாக்கும் நெருப்பு.

வாய்ப்புற்றுநோய் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பிறப்பது நமக்கு ஒரு பேறு. ஆறாத புண், தடவினாலும் நீங்காத வெள்ளைத் தழும்பு அல்லது சிவப்புத் தழும்பு, காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுதும் திறக்க முடியாமை ஆகியவை முன்னறிவிப்புகள். சமன் வர்ணகுலசூரிய அவர்களும் துணைவரும் நடத்தி 1984இல் வெளியிட்ட ஆய்வில், மத்திய இலங்கையின் சாதாரணக் கிராம சுகாதார ஊழியரே பயிற்சி பெற்று, ஒரு வருடத்தில் 28,000க்கும் மேற்பட்டோரின் வாயைப் பார்த்தனர். ஐயத்துக்கிடமான புண்களை அவர்கள் நன்றாகவே இனங்கண்டனர். வருந்தத்தக்கது என்னவெனில், மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவருள் ஏறக்குறையப் பாதிப்பேரே அங்கே போனார்கள். மற்றவர் ஏன் போகவில்லை என்பதை நம்மைப் பார்த்தே ஊகிக்கலாம். ஒரு நாட் கூலி போய்விடுமே என்ற கவலை, பஸ் செலவு, "வலிக்கவில்லையே" என்ற ஆறுதல், "இருந்தால் தலையெழுத்து" என்ற பெருமூச்சு. இந்தக் கடைசிச் சொல்தான் நம்மவரை அதிகம் கொன்றிருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. முன்சொன்ன அதே பிரித்தானியக் கணக்கில், அறுபது வயதில் புகைப்பதை நிறுத்தியவருக்கு நூற்றுக்கு 16 என்ற ஆபத்து 10 ஆகக் குறைகிறது, ஐம்பதில் நிறுத்தினால் 6, நாற்பதில் 3, முப்பதில் 2. 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், புகைப்பதை விட்டவரின் சுவாசக் குழாயைப் பார்த்தனர். பழுதடைந்த கலங்களுக்கு இடையே, புகையையே காணாதவை போன்ற நல்ல கலங்கள் தழைத்து வருவதைக் கண்டு வியந்தனர். சிலரிடம் அவை நூற்றுக்கு நாற்பது வரை இருந்தன. காட்டுத் தீ ஓய்ந்த மலைச் சரிவில் புல் முளைப்பதை நாம் பார்த்ததில்லையா? அதுபோலத்தான். ஆனால் தீ முதலில் ஓயவேண்டும்.

இனி மன்றத்து இளைஞருக்குச் சில சொற்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி இருபத்தொரு வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். சட்டம் கடைவாசல் வரைதான் வரும். அதற்கு அப்பால் நாம் போகவேண்டும். நம்மவர் இழவு வீடுகளில் வெற்றிலைத் தட்டோடு சிகரட்டையும் பீடியையும் வைத்து நீட்டும் வழக்கம் இருக்கிறது. புகையினால் இறந்தவர் வீட்டிலும் அதே தட்டு! சிறுவன் ஒருவன் முதன்முதலாகப் பெரியோர் அறியப் புகையிலையைத் தொடுவது பல வேளைகளில் அத்தட்டைச் சுமக்கும்போதுதான். இவ்வாண்டு முதல் நம் அங்கத்தவர் வீட்டு நன்மை தீமைகளில் அந்தத் தட்டில் புகைப்பொருள் வைப்பதில்லை என்று ஒரு தீர்மானம் செய்தால், அதனினும் சிறந்த ஆண்டு விழா நினைவு வேறில்லை. மூத்தோர் இதற்கு வழிவிட வேண்டுகிறோம். அவ்வாறே, வெற்றிலை போடும் பாட்டிமாரையும் பாட்டன்மாரையும் இளைஞர் தாமே கைப்பிடித்து அழைத்துச் சென்று வாயைக் காட்டச் செய்யட்டும். மேற்பரிசோதனை என்றால் கண்டி வரை கூடப் போகட்டும்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். விட முயன்று தோற்றவரை ஏளனம் செய்யாதீர்கள். "அவன் விட்டானே, உனக்கு ஏன் முடியவில்லை?" என்று கேட்பது நியாயமன்று. "போதும்" என்னும் குரல் ஒருவனுக்கு உரத்தும் ஒருவனுக்கு மெதுவாகவும் ஒலிக்கிறது என்பதை இப்பொழுது அறிந்துகொண்டோம். முயற்சியில் சறுக்கியவனுக்கு வேண்டியது வசை அன்று. வைத்திய உதவியும், அருகில் ஒரு நண்பனும். பரம்பரையைப் பற்றிய இந்த அறிவு நமக்குச் சாக்காகப் பயன்படக் கூடாது. பிறரிடத்தில் இரக்கமாகப் பயன்படவேண்டும்.

முடிவாக, தலையெழுத்து என்ற சொல்லுக்கே வருகிறோம். வள்ளுவப் பெருந்தகை ஊழ் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமை என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றைப் படித்து மற்றொன்றை மூடி வைப்பது அவரைப் பாதியாகப் படிப்பதாகும். பெற்றோரிடமிருந்து நாம் பெற்ற மரபணு நம் தேர்வன்று. அதனை ஊழ் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த எழுத்தின்மேல் நாள்தோறும் கரி பூசுவதும் பூசாதிருப்பதும் நம் கையில் இருக்கிறது. தீக்குச்சியைக் கிழிக்கும் விரல் நம்முடையது.